ரேடியோவுக்குத் தனி எர்த் தேவையா?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி ஜெனரல் கிரேடு லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். மாடி அறையில் 100 வாட் செட். மொட்டை மாடியில் 9 மீட்டர் ஜி.ஐ. பைப் நட்டு, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை (இரண்டு கைக் கம்பி ஆன்டெனா) தலைகீழ் ‘வி’ மாதிரி கட்டியிருக்கிறேன். ரேடியோவுக்கென்றே வீட்டுக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன் ஒரு எர்த் குழி போட்டுக் கொடுத்தார். மீட்டர் பக்கம் உள்ள வீட்டு எர்த்தோடு இதைச் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் இடி விழும்போது வீட்டுக்குள் கரண்ட் வந்துவிடும், ரேடியோவில் இரைச்சலும் கூடும் என்கிறார். கோயில் கோபுரக் கலசம் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்பது அப்பாவின் கட்சி. பக்கத்து வீட்டுக்காரரோ பைப் இடியை இழுக்கும், கழற்றுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? மழை நேரத்தில் என் மகள் கைசெட்டில் கேட்டுக்கொண்டிருப்பாள். அதையாவது தொடரலாமா?

பதில்: அந்தக் குழியை மூடச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் அதில் ஆன்டெனாவை மாட்டி வைத்திருக்காதீர்கள். இணைப்பு வேலை முடியும்வரை கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டு வையுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் பத்தில் எட்டு பேர் இதைத்தான் சொல்வார்கள். இருபது வருடம் முன்பு நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோடை மழை தொடங்கினால் செய்தித்தாளில் ஒரு துணுக்கு தவறாமல் வரும்: மரத்தடியில் கட்டியிருந்த மாடுகள் இடி தாக்கிப் பலி. அந்த மாடுகள் மேல் பெரும்பாலும் நேராக எதுவும் விழுந்திருக்காது. மின்னல் மரத்தில் இறங்கி, வேர் வழியாக மண்ணில் பரவுகிறது. மரத்துக்குப் பக்கத்து மண்ணில் வோல்டேஜ் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இரண்டு இடத்து மண்ணுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்தால், மண்ணைவிட மாட்டின் உடம்பு சுலபமான வழியாகிவிடுகிறது. முன்னங்கால் ஒரு எர்த், பின்னங்கால் இன்னொரு எர்த், நடுவில் மாடு.

உங்கள் செட் இப்போது அப்படித்தான் நிற்கிறது. ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் கேபிளில் நடுக்கம்பியைச் சுற்றி இருக்கும் வெளி வலை பின்பக்கக் குழிக்குப் போகிறது. பவர் சப்ளையின் மூன்றாவது பின் மீட்டர் பக்கக் குழிக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் உங்கள் மேஜை.

ஒரு சாதாரண மின்னலின் கரண்டை 30,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. உங்கள் பின்பக்கக் குழி 10 ஓம் காட்டுகிறது என்றும் வைப்போம், நல்ல குழிதான். முழுக் கரண்டும் அதில் இறங்கினால் பெருக்கல் கணக்கு 3 லட்சம் வோல்ட். அதாவது ஆன்டெனா பக்கம் 3 லட்சத்துக்கு எகிறுகிறது, மீட்டர் பக்கம் பழைய இடத்திலேயே நிற்கிறது. நிஜத்தில் கரண்ட் பல வழிகளில் பிரியும், மண்ணுக்குள்ளேயே பொறி பறந்து மின்தடை குறையும், அதனால் இந்த எண் அப்படியே வராது. பத்தில் ஒரு பங்கு வந்தாலே உங்கள் செட்டுக்குப் போதும்.

எர்த் குழி மின்னலை விழுங்கிவிடும் என்று நினைக்கிறோம். அது விழுங்குவதில்லை. அந்த நொடியில் குழியும் சேர்ந்து மேலே எகிறுகிறது. அதைத் தடுக்க வழியில்லை. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: வீட்டில் உள்ள எல்லாமே சேர்ந்து எகிறும்படி பார்த்துக்கொள்வது. குளத்தில் தண்ணீர் ஏறும்போது தாமரையும் கூடவே ஏறிவிடுகிறது, மூழ்குவதில்லை. ஆன்டெனா எர்த், வீட்டு எர்த், சோலார் பேனல் இருந்தால் அதன் சட்டம், டிஷ் இருந்தால் அதன் கம்பி, எல்லாம் வெளியே ஒன்றாகப் பிணைந்திருந்தால் உங்கள் மேஜைக்கு வித்தியாசம் என்று பெரிதாக எதுவும் வராது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. ஒரு ஏப்ரல் மாதம், எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி ஒரு தென்னையில் இடி விழுந்தது. நான் ஆன்டெனா கேபிளை மத்தியானமே கழற்றி வைத்திருந்தேன், ரொம்பச் சமர்த்தாக. ஆனால் செட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சீரியல் கேபிள், கம்ப்யூட்டரிலிருந்து மோடம், மோடத்திலிருந்து டெலிபோன் ஒயர். அந்த டெலிபோன் ஒயருக்கு எர்த் எங்கோ தெருமுனைப் பெட்டியில். மறுநாள் செட்டைத் திறந்தேன். சீரியல் சாக்கெட்டில் தொடங்கி சேஸிஸ் ஸ்க்ரூ வரைக்கும் போர்டில் ஒரு கறுப்புக் கோடு, ஆணியால் கீறிவிட்ட மாதிரி. வழியில் இருந்த ஐ.சி.யின் மூடி காணவில்லை. ஆன்டெனா சாக்கெட் மட்டும் புதிதாகப் பளபளவென்று இருந்தது.

சேர்த்தால் வீட்டுக்குள் கரண்ட் வரும் என்ற பயத்துக்கு வருகிறேன். சேர்க்காததால்தான் வரும், செட் வழியாக வரும். வெளியே மண்ணுக்குள் தடிமனான ஒரு பாதை போட்டுக் கொடுத்தால் வீட்டு ஒயரிங்கைத் தேடி வரும் பங்கு குறைந்துவிடும். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 என்ற இந்திய, சர்வதேசத் தரமும் எல்லா எர்த்தையும் பிணைக்கத்தான் சொல்கிறது. இரைச்சல் விஷயம் தனி. பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பும் மலிவு மொபைல் சார்ஜரும் போடும் இரைச்சல் கோஆக்ஸின் வெளிவலை மேல் ஏறி வருகிறது. அதற்கு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்களில் கேபிளை ஆறேழு சுற்றுச் சுற்ற வேண்டும். எர்த்தைப் பிரித்து அந்த இரைச்சலைப் போக்க முடியாது.

சரி, எப்படிச் சேர்ப்பது? 25 × 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையை வாங்கி, பின்பக்கக் குழியிலிருந்து மீட்டர் பக்கக் குழி வரை வீட்டுச் சுவருக்கு ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள். மேலே பி.வி.சி. குழாய் எதுவும் மாட்ட வேண்டாம், வெறும் பட்டையாகவே மண்ணில் கிடக்கட்டும். அப்போது பட்டையே ஒரு எர்த்தாக வேலை செய்யும். இடம் இருந்தால் வீட்டைச் சுற்றி முழு வளையமாகவே போட்டுவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு அடி தோண்டினால் பாறை தட்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே ஆழமாகப் போவதைவிட அகலமாகப் போவதுதான் நடக்கும். சாதாரண ஈர மண்ணிலேயே எட்டடிக் கம்பி ஒன்றை இறக்கினால் 40 ஓம் பக்கம்தான் காட்டும். பாறை மண்ணில் இன்னும் மோசம். இடையில் இரண்டு, மூன்று கம்பிகள் இறக்க முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் நடுவே கம்பி நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். குழியில் உப்புக் கொட்டுவதைவிட பென்டோனைட் களிமண் நல்லது. உப்பு மழையில் கரைந்துவிடும், போகும்போது ஜி.ஐ. பைப்பையும் அரித்துவிட்டுப் போகும்.

தாமிர ஒயரை நேராக ஜி.ஐ. பட்டையில் வைத்து முறுக்காதீர்கள். ஈரம் பட்டதும் துத்தநாகப் பூச்சு அரிக்கத் தொடங்கும், இரண்டு மழைக்காலத்தில் இணைப்பு தளர்ந்துவிடும். நடுவில் ஈயப்பூச்சு லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) வேண்டும், ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டும். இன்னொன்று: பிணைப்பது எர்த்தும் எர்த்தும். உற்சாகத்தில் நியூட்ரலையும் அதே போல்ட்டில் முடிந்துவிட வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் இரண்டில் இந்தக் கூத்து நடந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் குழியை எப்படிச் சோதித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பல்பு வைத்துப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கிறேன். ஃபேஸில் ஒரு முனை, எர்த்தில் ஒரு முனை, 100 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தால் ‘எர்த் சூப்பர்’. அந்தப் பல்பின் மின்தடையே 530 ஓம் பக்கம். குழி 50 ஓம் இருந்தாலும் பல்புக்குப் பத்தில் ஒன்பது பங்கு வோல்டேஜ் கிடைத்துவிடும், உங்கள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆபத்தான சோதனையும்கூட. மூன்று முனை எர்த் டெஸ்டர், கடைக்காரர் பாஷையில் எர்த் மெகர், வாடகைக்குக் கிடைக்கும். எல்லாம் சேர்த்தபிறகு 10 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. 15-இல் நின்றுவிட்டது என்றால் அதற்காக இன்னொரு குழி வெட்டிச் செலவழிக்க மாட்டேன். பிணைப்பு முக்கியம், எண் அதற்குப் பிறகுதான்.

இனி மாடி அறை. உங்கள் அமைப்பில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அரஸ்டரை (வோல்டேஜ் எகிறினால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னலில் வைத்து, அங்கிருந்து பச்சை ஒயரைக் கீழே இறக்கலாம் என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஒரு மீட்டர் ஒயருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி தூண்டம், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் குணம், இருக்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது ஒன்றுமே இல்லை. மின்னல் கரண்ட் இரண்டு மூன்று மைக்ரோ செகண்டில் உச்சிக்கு ஏறுவது. மைக்ரோ செகண்டுக்கு 10,000 ஆம்பியர் என்று ஏறினால், ஒவ்வொரு மீட்டர் ஒயரிலும் 10,000 வோல்ட் நிற்கும். ஜன்னலிலிருந்து தரைக்கு 5 மீட்டர் என்றால் 50,000 வோல்ட். கீழே குழி பூஜ்ஜியம் ஓம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஒயரை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் கொஞ்சம்தான் குறையும். தட்டையான பட்டை தேவலை. அதனால்தான் எர்த் ஒயர் குட்டையாக, நேராக, வளைவு இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறோம். சுருட்டி வைத்த மிச்ச ஒயர் ஒரு கம்பிச்சுருள், தூண்டம் இன்னும் கூடும், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே அரஸ்டரைக் கீழே கொண்டுபோங்கள். மொட்டை மாடியிலிருந்து கோஆக்ஸ் வெளிச்சுவர் வழியே தரைக்கு இறங்கட்டும். முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன உலோகப் பெட்டி, உள்ளே ஒரு தாமிரத் தகடு, தகட்டில் அரஸ்டர், தகட்டிலிருந்து நேர் கீழே ஒரு எர்த் கம்பி. அங்கிருந்து கேபிள் மறுபடி மாடி அறைக்கு ஏறட்டும். இதற்காகக் கூடுதலாக ஒரு பத்து மீட்டர் கேபிள் போகும். ஆர்.ஜி.-213 என்ற தடிமனான கோஆக்ஸ் என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 0.2 டெசிபல்தான், எதிர்முனையில் யாருக்கும் தெரியாது. பிறகு 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவும் வைத்தால் அதில் ஒரு டெசிபலுக்குச் சற்றுக் குறைவாக இழப்பீர்கள். பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பெட்டியை மீட்டர் பக்கச் சுவரிலேயே வைப்பேன். கரண்ட் ஒயரும் ஆன்டெனா ஒயரும் ஒரே இடத்தில் ஒரே எர்த்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறும். அதைவிட வசதி வேறென்ன?

அரஸ்டர் வாங்கும்போது உள்ளே இருக்கும் கேஸ் டியூப் (வாயு அடைத்த குழாய்) எந்த வோல்டேஜில் கடத்தத் தொடங்கும் என்று பாருங்கள். 100 வாட், 50 ஓம் என்றால் கேபிளில் உச்ச வோல்டேஜ் 100. ஆன்டெனா சரியாகப் பொருந்தாதபோது இன்னும் ஏறும். 90 வோல்ட் டியூப் போட்டால் நீங்கள் மைக்கை அழுத்தும்போதே அது கடத்தத் தொடங்கிவிடும். 230 வோல்ட் டியூப் சரியாக இருக்கும். அரஸ்டர் நேரடி இடியிலிருந்து செட்டைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். பக்கத்தில் விழும் மின்னல் ஒயரில் தூண்டும் அதிர்ச்சிக்கும், காற்றிலும் மழையிலும் சேரும் நிலைமின்சாரத்துக்கும்தான் அது.

பைப்பின் அடியிலிருந்து தனியாக ஒரு பட்டை, வெளிச்சுவர் வழியே, மிக அருகில் உள்ள மூலையில் நேராக இறங்கி, புதைத்த பட்டையிலோ வளையத்திலோ சேர வேண்டும். கோஆக்ஸின் வெளிவலையை மேலே பைப்போடும் ஒருமுறை பிணைத்துவிடுங்கள். பட்டை போகும் வழியில் இரும்பு ஜன்னல் கிரில்லோ மாடிக் கைப்பிடியோ இருந்தால் தள்ளிக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் அதையும் பட்டையோடு சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தும் சேர்க்காமல் விட்டால் மின்னல் அதற்குத் தாவும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜி.ஐ. பைப் மேகத்திலிருந்து எதையும் உறிஞ்சி இழுக்காது. ஆனால் உயரம் கூடினால் வாய்ப்புக் கூடும். தனியாக நிற்கும் ஒரு கட்டடம், தன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆரத்துக்குள் இறங்கும் மின்னலைத் தன் மேல் வாங்கும் என்று அதே 62305 தரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வீடு 7 மீட்டர் என்றால் ஆரம் 21 மீட்டர். பைப்போடு 16 மீட்டர் என்றால் 48. பரப்பில் பார்த்தால் ஐந்து மடங்கு. சுற்றிலும் உயரமான தென்னைகள் இருந்தால் அவ்வளவு வராது. அவருக்கு இதில் நஷ்டமில்லை, அவர் வீட்டுக்கு வரவேண்டியதையும் நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பட்டையையும் பெட்டியையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அப்பாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தரை வரை கம்பி இறங்காத கலசம் இடியை வாங்கினால் கோபுரத்தின் கல்லும் சுதையும்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். கம்பி இருந்தாலும், இடிதாங்கியின் காவல் எதுவரை என்று அளக்க அந்தத் தரம் கற்பனையாக உருட்டிப் பார்க்கும் கோளத்தின் ஆரம் 20 முதல் 60 மீட்டர்தான். கோயில் எதிர்வீடாக இருந்தாலொழிய அந்தக் காவல் உங்கள் மொட்டை மாடிக்கு வராது. இடிதாங்கி என்று நாம் வைத்த பேரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. அது எதையும் தாங்குவதில்லை, வழி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வழி காட்டாத கம்பி என்ன செய்யும் என்பதற்கு 1753-இல் ஒரு மனிதர் உயிரைக் கொடுத்தார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் ரிச்மான் என்ற இயற்பியலாளர், கூரையில் நட்ட இரும்புக் கம்பியிலிருந்து வீட்டுக்குள் ஒயர் இழுத்து, இடிமழையில் மின்னேற்றத்தை அளக்கப் பார்த்தார். அளப்பதற்காகக் கம்பியைத் தரையோடு சேர்க்காமல் வேண்டுமென்றே விட்டிருந்தார். கருவியைப் பார்க்கக் குனிந்தபோது நெற்றியில் வாங்கி அந்த இடத்திலேயே இறந்தார். கூட இருந்த செதுக்கு ஓவியர் பிழைத்துக்கொண்டார். கூரையில் கம்பி, அறைக்குள் ஒயர், எர்த் இல்லை. அடுத்த முறை ‘கேபிளைக் கழற்றி மேஜையிலேயே போட்டுவிட்டேன், பயமில்லை’ என்று யாராவது சொன்னால் ரிச்மானை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்தது, பாட்டிலைப் பார்த்து நிற்காது.

கழற்றுவதானால் கீழே, வெளிப் பெட்டியில் கழற்றுங்கள். அந்த முனையை அங்கேயே தகட்டோடு திருகிவிடுங்கள். மேலே பவர் சப்ளை பிளக், கம்ப்யூட்டருக்குப் போகும் யு.எஸ்.பி., லேன் ஒயர், இவற்றையும் உருவிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) காப்பாற்றும் என்பதும் இல்லை, அது விழித்துக்கொள்ள மில்லி செகண்டுகள் ஆகும், அதற்குள் மின்னல் வந்து போய்விட்டிருக்கும். மீட்டருக்குப் பக்கத்தில் எஸ்.பி.டி. (கரண்ட் ஒயரில் எகிறி வரும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சாதனம்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், செட்டுக்கு மட்டுமல்ல, ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் இடி கேட்பதற்கு முன் செய்ய வேண்டும். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிப் பாருங்கள். 30 செகண்டுக்குள் கேட்டால் கேபிளைத் தொடும் நேரம் தாண்டிவிட்டது, செட் போனால் போகட்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியை மொபைலில் போட்டுக்கொள்ளுங்கள், சுற்றிலும் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் கழற்றிவிட்டுப் போவது இன்னும் நல்லது. நம் கோடை மழைக்குச் சாயங்காலம் நாலு மணி ரொம்பப் பிடிக்கும், அப்போது நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள்.

உங்கள் மகள் தாராளமாகக் கேட்கட்டும். பேட்டரியில் ஓடும் கைசெட், அதிலேயே இருக்கும் ரப்பர் ஆன்டெனா, வீட்டுக்குள் ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு. மாடி ஆன்டெனா கேபிளை அதில் மாட்டக் கூடாது, சார்ஜரிலும் செருகியிருக்கக் கூடாது.